குடுவைச் செடியும் ஒரு செம்பு மழைநீரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே பேச வருபவர்கள் ஒழுக்கத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ சமயப் பெரியார் ஒருவரின் வரலாற்றைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாங்களோ ஒரு செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மண்டபத்தின் வடக்கு விறாந்தையில், பழைய மீன்தொட்டி ஒன்றினுள் வைத்திருக்கும் சிறு செடியை உங்களிற் பலர் எட்டிப் பார்த்திருப்பீர்கள். இலை நுனியிலே சிறு செம்பு கட்டித் தொங்கவிட்டாற் போன்ற உருவம். அந்தச் செம்புக்கு ஒரு மூடி. உள்ளே சிறிது நீர். இதுதான் குடுவைச் செடி. பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி. மன்னார்த் தீவின் மணலிலும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இதனை வளர்க்க முயன்று, மூன்றைச் சாகக் கொடுத்து, ஒன்றைக் காப்பாற்றிய கதையே இன்றைய உரை. காப்பாற்றியது எங்கள் கெட்டித்தனம் அன்று. ஒரு மூதாட்டியின் கொடை. அதனைப் பின்னர் சொல்லுவோம்.

முதலில் செடியின் வரலாறு. உலகத்திலே 160க்கு மேற்பட்ட குடுவைச் செடி இனங்கள் உள்ளன. போர்ணியோ, சுமாத்திரா, பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகளே இவற்றின் பெருவாழ்வு நிலங்கள். மலேசியாவிலே வாழும் எம்மவர் இதனைக் காடுகளிற் கண்டிருப்பர். மலாய் மக்கள் இதனைக் ‘குரங்குப் பானை’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இந்தியாவிலே மேகாலயாவின் மலைப்பகுதியில் மாத்திரம் ஓர் இனம் உண்டு. அங்குள்ள காரோ மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘பேயின் கூடை’ என்னும் பொருளது. நமது இலங்கைக்கும் ஓர் இனம் உரியது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. சிங்கள மக்கள் அதனைப் ‘பாந்துரா’ என்பர். இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பகுதிகளில், சிங்கராஜ வனம் போன்ற மழைக் காடுகளின் ஓரங்களிலும், சேற்று நிலங்களிலும், தெருவோர மண்திட்டிகளிலும் அது படர்ந்து ஏறும்.

இந்தச் செடி உலக அறிஞரின் ஏட்டில் இடம்பெற்ற வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. ஒல்லாந்தர் காலத்திலே, 1670ஆம் ஆண்டுகளில், பவுல் ஹேர்மன் என்னும் மருத்துவர் இங்கு வந்து பல தாவரங்களைத் திரட்டி உலர்த்தி வைத்தார். அவருடைய தொகுப்பைப் பின்னாளில் ஆராய்ந்த சுவீடன் தேசத்து லின்னேயஸ், 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். குடுவைச் செடிக்கு ‘நெப்பெந்திஸ்’ என்ற பெயரை அவர் 1737இலேயே சூட்டிவிட்டார். கிரேக்கப் புலவர் ஹோமரின் ஒடிசியிலே, துயரத்தை மறக்கச் செய்யும் மருந்தொன்றை எலன் என்பாள் மதுவிலே கலந்து கொடுக்கிறாள். அம்மருந்தின் பெயர்தான் இது. நெடுந்தூரம் நடந்து களைத்த தாவர அறிஞன் ஒருவன் இச்செடியைக் கண்டால் பட்ட துன்பமெல்லாம் மறந்துபோவான் என்பது லின்னேயஸின் கருத்து. 1753இல் இலங்கை இனத்துக்கு அவர் ‘டிஸ்ரில்லட்டோரியா’ என்ற சிறப்புப் பெயரையும் சேர்த்தார். வடித்தெடுப்பது என்பது அதன் கருத்து. குடுவைக்குள் இருக்கும் நீரைச் செடி வடித்துச் சேர்த்த நன்னீர் என்று அக்காலத்தார் எண்ணினர். அது வெறும் நீரன்று என்பது பின்னரே துலங்கிற்று. 1874இல் ஜோசப் ஹூக்கர் என்பவர், அந்நீர் புரதப் பொருளைச் செரிக்க வைக்கிறது என்று பரிசோதித்துக் காட்டினார். மறு ஆண்டிலே சாள்ஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார்.

இனி, இச்செடி ஏன் பூச்சியை உண்கிறது? வேட்டைக் குணத்தினால் அன்று, வறுமையினால். பெருமழை பெய்யும் நிலத்திலே மண்ணின் சத்தை வெள்ளம் கரைத்துக் கொண்டுபோய் விடுகிறது. நைதரசனும் பொசுபரசும் அம்மண்ணிலே மிகக் குறைவு. பிற செடிகள் வேரினாற் பெறும் சத்தை இச்செடி இலையினாற் பெறப் பழகிக்கொண்டது. உணவு சமைப்பதற்கு இதற்கும் பச்சையமும் சூரிய ஒளியும் வேண்டும். பூச்சி கொடுப்பது சத்து மாத்திரமே. சோறு வெயிலில், கறி பூச்சியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடுவையின் அமைப்பு வியக்கத்தக்கது. இலையின் நடுநரம்பு நுனிக்கு அப்பால் நீண்டு ஒரு கொடிபோல் வளைகிறது. அதன் முனை மெல்லப் பருத்துக் குடுவையாகிறது. மூடி திறக்கும் முன்பே உள்ளே நீரைச் செடி தானே சுரந்து வைத்திருக்கும். வாயைச் சுற்றியுள்ள விளிம்பிலே தேன் சுரக்கும். மழையாலோ பனியாலோ அவ்விளிம்பு நனைந்ததும் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். தேனுக்கு வந்த எறும்பு சறுக்கி விழும். பல இனங்களில் உட்சுவரிலே மெழுகுபோன்ற படலம் இருப்பதால் ஏறமுடியாது. விழுந்ததைக் குடுவை நீரிலுள்ள நொதியங்கள் மெல்லக் கரைக்கின்றன. மூடி பூச்சியின்மேல் ‘டப்’ என்று மூடிக்கொள்ளும் என்று எங்கள் இளைஞர் பலர் நம்பியிருந்தனர். அது பிழை. ஒருமுறை திறந்த மூடி பின்னர் மூடுவதேயில்லை. அது மழை நீரைப் பெரிதும் தடுக்கும் குடை. ஆகவே விரலை விட்டுப் பார்ப்பதில் யாதொரு வேடிக்கையும் இல்லை, செடிக்குத்தான் கேடு.

இத்தகைய செடியை மன்னாரில் வளர்ப்பதென்றால்? சிங்கராஜ வனத்திலே ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கோ ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும். சோளகக் காற்றின் வலிமையை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தீவின் தென்கரையிலே 2020இல் 30 காற்றாலைகளை நிறுவி மின்சாரம் எடுக்கத் தொடங்கியதே அதற்குச் சான்று. பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தைப் பாருங்கள். ஆபிரிக்க நாட்டு மரம். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லுவர். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவோடு நிற்கிறது. வயிற்றிலே நீரைச் சேமித்து வெயிலை வெல்லும் இயல்பு அதற்கு உண்டு. ஆகவே வந்த இடம் அதற்குச் சொந்த இடமாயிற்று. குடுவைச் செடிக்கு அந்த இயல்பு இல்லை. அதற்கு வேண்டியதை நாம்தான் செய்து கொடுக்கவேண்டும்.

எங்கள் முயற்சி ஒரு தை மாதத்திலே தொடங்கியது. தெற்கே உள்ள ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து நான்கு இளஞ்செடிகளை விலைக்கு வாங்கி வந்தோம். அவை பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்கள் இரண்டைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். வீட்டில் வளர்ப்போருக்கு இலகுவானது என்று பெயர் பெற்றது. ஒவ்வொன்றும் கைவிரல் நீளம். நிலத்தோடு ஒட்டிய இலைக்கொத்து. பெருவிரல் அளவான குடுவைகள். மிகுந்த ஆரவாரத்தோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம்.

முதற் பிழை, சோறு போட்டோம். ‘குழந்தைச் செடி, சத்து வேண்டும்’ என்று ஆட்டெருவும் தோட்ட மண்ணும் கலந்து புதிய சாடியில் நட்டோம். இரண்டு கிழமையில் ஒரு செடியின் வேர் கருகிற்று. இரண்டாம் பிழை, வெயில். வெப்ப நாட்டுச் செடிதானே என்று முற்றத்தில் உச்சி வெயிலில் வைத்தோம். இலைகள் சிவந்து, பின் காகிதம்போல் வெளுத்தன. இரண்டாவது செடி போயிற்று. மூன்றாம் பிழை, இறைச்சி. எங்களுள் ஒரு தம்பி, எறும்பு தேடி அலைவானேன் என்று, ஒரு பெரிய இறால் துண்டைக் குடுவைக்குள் இட்டுவிட்டார். குடுவை அழுகி, நாற்றம் எடுத்து, கொடிவரை கறுத்தது. அவரை நாம் குறைகூறவில்லை. விருந்தோம்பும் ஊரிலே பிறந்தவர் வேறென்ன செய்வார்?

நான்காம் பிழைதான் எங்களை நெடுநாள் ஏமாற்றியது. எருவை நீக்கினோம், நிழலில் வைத்தோம், உணவை நிறுத்தினோம். ஆயினும் எஞ்சிய இரு செடிகளும் தேறவில்லை. புதிய இலை வரும், கொடி நீளும், அதன் முனை குடுவையாகாமல் கருகி உலர்ந்துவிடும். இலை விளிம்பு பழுப்பாகும். சாடியின் மேற்புறத்திலே வெள்ளைப் பொருக்குப் படிந்தது. அதைக் கண்டபோதுதான் பொறி தட்டிற்று. அது உப்பு!

நாங்கள் ஊற்றியது நல்ல கிணற்று நீர். நாங்கள் குடிக்கும் நீர். ஆனால் நமது தீவின் கிணறுகளைப் பற்றிச் சற்றே சிந்தியுங்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே உள்ள கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் நாம் அள்ளுகிறோம். அள்ள அள்ள உவர் மேலேறுகிறது. பெருநிலத்துப் பக்கத்திலே அடியில் சுண்ணாம்புக்கல். அங்கே கல்சியம் மிகுதி. மனிதன் தாங்கும் உப்பை இச்செடியின் வேர் தாங்காது. காய்ச்சி ஆறவைத்து ஊற்றினால் சரியாகுமென்று ஒருவர் சொன்னார், அதையும் செய்தோம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்புச் சாகாது. நீர் வற்ற வற்ற உப்பு இன்னும் மிகும் அல்லவா? பாடசாலையிலே படித்த பாடம் பட்டபின்பே நினைவுக்கு வந்தது. மூன்றாவது செடியும் சித்திரை மாதத்தில் மடிந்தது.

ஒன்றே எஞ்சிற்று. மழைக்கு இன்னும் ஆறு மாதம். அப்பொழுதுதான் எங்கள் சங்கத்துக்கு அயலில் வாழும் ஆச்சி ஒருவரின் நினைவு வந்தது. தகரக் கூரையிலே பீலி கட்டி, மாரி மழையைச் சீமெந்துத் தொட்டியிலே பிடித்து, தேநீருக்கென்று ஆண்டு முழுவதும் பொத்திப் பொத்தி வைப்பவர் அவர். கூச்சத்தோடு போய்க் கேட்டோம். ‘குடிக்கிற தண்ணியைச் செடிக்கோ?’ என்றார். எங்களுக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கும் வரட்சிக் காலத்தை அறியாதவர் இந்த மண்டபத்தில் யார்? சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எவ்வளவு வேணும்?’ என்றார். நாளுக்கு ஒரு சிறு குவளை போதும் என்றோம். ‘அதுவும் ஒரு உயிர்தானே பிள்ளையள். கிழமைக்கு ஒரு செம்பு வந்து எடுத்துக்கொண்டு போங்கோ’ என்றார். அந்தச் செம்பு நீரிலேதான் செடி ஆறு மாதம் உயிர் தரித்தது. ஆவணியில் ஒரு கொடிமுனை கருகாமல் பருத்தது. புரட்டாசியில் மூடி திறந்தது. அன்று சங்கத்தில் நடந்த ஆரவாரம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

ஆச்சியின் கேள்வியோடு நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். 10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஒரு கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தாமற் பிடித்தால் ஏறத்தாழ 900 லீற்றர் நீர் கிடைக்கும். நான்கு சிறு சாடிகளுக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் வீதம் எட்டு மாதத்துக்கு வேண்டியது 120 லீற்றர் மாத்திரமே. எஞ்சிய நீர் வீட்டுக்கு. அதாவது, செடிக்காகக் கூரை நீரைப் பிடிக்கத் தொடங்கினால் வீட்டாருக்கும் குடிநீர் மிஞ்சும். அந்த ஐப்பசியிலே மண்டபத்துக் கூரைக்குப் பீலி கட்டினோம். ஆச்சியின் தொட்டிக்கு நாங்கள் பட்ட கடனையும் தீர்த்தோம். கடற்காற்று கூரையிலே உப்பைப் படிய வைத்திருக்கும்; பறவை எச்சமும் இருக்கும். ஆகவே முதல் மழையின் நீரைக் கழித்துவிட்டே பிடிக்கவேண்டும். தொட்டியின் வாயை நுளம்பு புகாதபடி வலையிட்டு மூடுவது கட்டாயம்.

வளர்க்க விரும்பும் இளைஞருக்காக, நாங்கள் பட்டறிந்த முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

நீர்: மழைநீரே தலைசிறந்தது. இல்லையேல் மின்கலத்துக்கு விற்கும் வடித்த நீர், அல்லது உப்பு நீக்கிய சுத்திகரிப்பு நீர். பின்னையதில் சுவைக்காக உப்புக்கள் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டறிய வேண்டும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி பேனா அளவில் விற்பனைக்கு உண்டு. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாயின் நன்று. சாடி எப்பொழுதும் ஈரமாக இருக்கவேண்டும். ஆனால் தேங்கிய நீரில் வேர் ஊறக்கூடாது.

மண்: உண்மையில் மண்ணே வேண்டாம். ஸ்பாக்னம் என்னும் பாசி கிடைத்தால் நன்று. நம் ஊரில் இலகுவாகக் கிடைப்பது தென்னம் பொச்சு. அதைச் சிறு துண்டாக வெட்டி, கரித்துண்டும் கழுவிய ஆற்றுமணலும் கலக்கலாம். கடற்கரை மணல் ஆகாது. பொச்சிலே உப்பு உண்டு. உவர் நீரிலே ஊறியதாயின் கேட்கவே வேண்டாம். கிணற்று நீரிலே பலமுறை ஊறவைத்துப் பிழிந்து, கடைசி இருமுறை மழைநீரிலே அலசவேண்டும். எரு, யூரியா, சாம்பல் ஒன்றும் வேரில் இடக்கூடாது.

ஒளியும் காற்றும்: காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பின்னர் பிரகாசமான நிழல். கிழக்கு அல்லது வடக்கு விறாந்தை உகந்தது. சோளகம் நேரே படக்கூடாது. ஈரப்பதனை அது உறிஞ்சிவிடும். நாங்கள் பழைய மீன்தொட்டியின் அடியிலே கூழாங்கல்லும் நீரும் இட்டு, கல்லின்மேல் சாடியை வைத்து, மேற்புறத்தைப் பாதி மூடினோம். உள்ளே ஈரம் நின்றது, காற்றும் புகுந்தது. முற்றாக மூடி வெயிலில் வைத்தால் செடி வெந்துவிடும்.

உணவு: திறந்த விறாந்தையில் எறும்பு தானே வரும். வராவிடினும் செடி சாகாது. வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவே. பயணத்திலே குடுவை கவிழ்ந்து நீர் சிந்தியிருந்தால், மூன்றிலொரு பங்குக்கு மழைநீர் ஊற்றலாம். பழைய குடுவை சில மாதத்தில் உலர்வது இயல்பு. அது நோயன்று, வெட்டிவிடலாம்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் பொறுமையின் பாடத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். விதை நூலிழை போன்றது, காற்றிலே பறப்பது. புதிய விதையாயிருத்தல் வேண்டும். ஈரமான பாசியின்மேல் தூவவேண்டும், புதைக்கக்கூடாது. முளைக்க ஒரு மாதம், இரண்டு மாதம் செல்லும். முதலில் இரு வித்திலைகள். அதன்பின் வரும் முதல் இலையே குண்டூசித் தலையளவான குடுவையைத் தாங்கி வரும்! பிறந்த சில வாரத்திலேயே தன் உணவைத் தானே தேடத் தொடங்கும் பிள்ளை அது. பூப்பதற்கோ பல ஆண்டுகள் ஆகும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், தனியொரு செடி விதை தராது.

அந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியமானது. தெற்கே உல்லாசப் பயணம் போகும்போது தெருவோரத்திலே ‘பாந்துரா’வைக் கண்டால், பிடுங்கிக்கொண்டு வர எண்ணாதீர்கள். ஒதுக்கக் காடுகளிலிருந்து செடியை அகற்றுவது சட்டப்படி குற்றம். குடுவைச் செடி இனங்கள் யாவும் நாடு விட்டு நாடு வணிகம் செய்வதற்குப் பன்னாட்டு உடன்படிக்கையினால் கட்டுப்படுத்தப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஓரிடத்தில் எஞ்சிய ஒரே பெண் செடியை நாம் பிடுங்கினால், சுற்றி நிற்கும் ஆண் செடிகளெல்லாம் வாரிசற்றுப் போகும். பண்ணையிலே வளர்த்த நாற்றை வாங்குங்கள். அல்லது எங்களிடம் வாருங்கள். எங்கள் செடி இப்பொழுது கொடியாக நீண்டிருக்கிறது. அதன் தண்டைக் கணுவோடு வெட்டி ஈரப் பாசியில் வைத்து வேர்பிடிக்கச் செய்திருக்கிறோம். இரண்டு பதியன்கள் தழைத்துவிட்டன.

இனிப் பெரியவர் ஒருவர் எழுப்பிய ஐயத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ‘தம்பிமாரே, உயிர்க்கொலை ஆகாது என்று பேசும் மண்டபத்திலே, உயிரைத் தின்னும் செடியையா வளர்க்கிறீர்கள்?’ என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆயினும் சிந்திக்க வேண்டிய கேள்வி. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது, செடிகொடிகளை ஓரறிவுயிராக வைத்தார். தெரிந்து தெளியும் அறிவு மனிதனுக்கே உரியது. ஆகவே கொல்லாமை என்னும் அறமும் மனிதனுக்கே உரியது. இன்ன மண்ணிலே பிறப்பேன் என்று செடி தெரிந்தெடுக்கவில்லை. அது தனக்கு வேண்டியதற்கு மேல் ஓர் எறும்பையும் தேடிப் போவதில்லை. நாங்களும் அப்பெரியவரின் கேள்விக்குப் பின், பூச்சி பிடித்து ஊட்டுவதை நிறுத்திவிட்டோம். தானே வருவது வரட்டும். இன்னொரு செய்தியும் அவருக்கு மகிழ்ச்சி தரும். போர்ணியோ, மலாயாக் காடுகளிலே ‘அம்புலாரியா’ என்றோர் இனம் உண்டு. அதன் குடுவைகள் நிலத்திலே வாய் திறந்து கிடந்து, மேலிருந்து விழும் சருகுகளை ஏற்கின்றன. அதன் இலையிலுள்ள நைதரசனில் மூன்றிலொரு பங்கு அளவு சருகிலிருந்தே வருகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். குடுவைச் செடியிலும் பாதிச் சைவம் உண்டு!

மற்றொரு விடயம். பூச்சியுண்ணும் செடியைக் காணத் தெற்கேதான் போகவேண்டும் என்பதில்லை. நமது வைத்தியர்கள் ‘அழுகண்ணி’ என்று வழங்கும் சிறு செடி அந்த இனத்தது. வறண்ட வலயத்திலும், மாரிக்குப்பின் நீர் கசியும் மணற்பாங்கான நிலங்களிலே அது முளைப்பதுண்டு. இலையெங்கும் மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் கண்ணீர்த் துளிபோன்ற பசை. அதனாலேதான் அந்தப் பெயர். சிறு பூச்சி அதிலே ஒட்டிக்கொள்ளும். ஆங்கில நூல்களில் டார்வினின் ஆராய்ச்சியைப் படித்து வியக்கும் நாம், நம் முன்னோர் அவ்வினத்துக்கு அழகிய தமிழ்ப் பெயர் இட்டிருப்பதை அறியாதிருக்கிறோம். வருகிற தை, மாசியிலே இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு, பெருநிலத்துக் குளக்கரைகளிலும் ஈர மணல் நிலங்களிலும் தேடிப் பார்ப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். கண்டால் குனிந்து பார்ப்போம், குறித்துக்கொள்வோம், அங்கேயே விட்டு வருவோம்.

பெரியோர்களே! மூன்று செடிகளை நாங்கள் வெறுப்பினால் கொல்லவில்லை, அன்பினால் கொன்றோம். எங்களுக்கு எது நல்லதோ அதுவே அதற்கும் நல்லது என்று எண்ணினோம். நாங்கள் உண்பதை ஊட்டினோம். நாங்கள் குடிப்பதைக் கொடுத்தோம். ஓர் உயிரின் இயல்பை அறியாத அன்பு அதற்கு நஞ்சாகவும் முடியும். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எல்லா நாற்றுக்கும் ஒரே எரு ஆகாது. வைத்தியராகவேண்டும், பொறியியலாளராகவேண்டும் என்று வேரிலே குவிக்கும் எரு சில பிள்ளைகளைக் கருகச் செய்கிறது. சிறிது ஒளியும் சிறிது தூய நீரும் கொடுத்து, பொறுத்திருந்து பார்த்தால், குண்டூசித் தலையளவிலே தன் குடுவையைத் தானே ஏந்தி வரும்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். ஆச்சியின் செம்பை மறவாதீர்கள். நூல்களிலும் பண்ணைகளிலும் நாம் தேடிய விடை, வேலிக்கு அப்பால் ஒரு சீமெந்துத் தொட்டியிலே இருந்தது. அவர் எந்த நூலையும் படித்தவரல்லர். ஆயினும் மழையின் அருமையை அறிந்தவர். அறிவைத் தேடி உலகம் சுற்றுங்கள். சுற்றுமுன் அயல்வீட்டுப் படலையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

வரப்போகும் மாரிக்கு முன் எம் சங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கூரைக்கு ஒரு பீலியாவது கட்டவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். ஏணி பிடிக்கவும் தகரம் வெட்டவும் இளைஞர் அணி வரும், சொல்லியனுப்பினாற் போதும். வேர்பிடித்த இரண்டு பதியன்களில் ஒன்று, நாளை காலை ஆச்சியின் வீட்டு விறாந்தைக்குப் போகிறது. மற்றையது, முதற் பீலியைக் கட்டி முடிக்கும் வீட்டுக்கு.